தியேட்டருக்குள் போகுமுன் எழுத வேண்டிய சீட்டு

"ஏம்மா, எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

"ஆமா சிஸ்டர். ஒரு ஊசி ஒத்துக்கல."

"என்ன ஊசி?"

"வெள்ளையா இருந்துச்சு. அது ஒண்ணுதான் தெரியும்."

மருங்காபுரி, வளநாடு, துவரங்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஆபரேஷனுக்காகத் திருச்சிக்கு வந்து வார்டில் படுத்திருப்பவரிடம் நர்ஸ் கேட்பதும், அவர் சொல்வதும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அவர் எதையும் மறைக்கவில்லை. தெரிந்ததைச் சொல்கிறார். ஆனால் ஆன்டிபயாட்டிக் ஊசிகளில் பல, குப்பிக்குள் வெள்ளைத் தூளாகத்தான் இருக்கும்; தண்ணீர் விட்டுக் குலுக்கிப் போடுவார்கள். "வெள்ளை ஊசி" என்ற தகவலை வைத்துக்கொண்டு டாக்டர் எதைத் தவிர்ப்பது? கேஸ் ஷீட்டில் "ஊசி அலர்ஜி" என்று இரண்டு சொல் ஏறும். அடுத்த ஆள் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிவார்.

இந்த அத்தியாயம் சொல்லித்தருவது ஒரு சின்ன வேலைதான்: உங்களுக்கு ஒத்துக்காத மருந்தைப் பற்றி, மருத்துவருக்குப் பயன்படும்படி ஒரு சீட்டு எழுதுவது. அந்தச் சீட்டு யார் கைக்கு எப்போது போக வேண்டும், அதையும் தாண்டி ஏதாவது நடந்துவிட்டால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மருந்தை மாற்றுவது, நிறுத்துவது, சோதித்துப் பார்ப்பது எல்லாம் மருத்துவர் வேலை. அதில் கை வைக்க வேண்டாம்.

விஷயம் சுருக்கமாக

பிரான்ஸ் நாட்டு சார்ல்ஸ் ரிஷேயும் பால் போர்ட்டியரும் கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிய அளவில் போட்டுப் பார்த்தார்கள். உடம்பு பழகிக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சில வாரம் கழித்து மறுபடி கொஞ்சம் போட்டதும் செத்துப்போனது. பழகுவதற்குப் பதிலாக உடம்பு பகைத்துக்கொண்டது. 1902இல் இதற்கு அனஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். 1913இல் ரிஷேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. "போன தடவை போட்டப்ப ஒண்ணும் ஆகலையே" என்ற பேச்சு ஏன் முழு உத்தரவாதம் ஆகாது என்பதற்கு அந்த நாயே சாட்சி.

ஆபரேஷன் நேரத்தில் இது எவ்வளவு அரிது, எதனால் வருகிறது என்பதை பிரிட்டன் மயக்க மருத்துவர்கள் நாடு முழுக்க ஓராண்டு கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 10,000 மயக்க மருந்துக்கு ஒருவருக்குத்தான் கடுமையான அலர்ஜி வந்தது. ஆராய்ந்த 266 பேரில் 10 பேர் இறந்தார்கள். காரணம் உறுதியான கேஸ்களில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆன்டிபயாட்டிக்தான் காரணம்; தசையைத் தளர்த்தும் மருந்துகள் மூன்றில் ஒரு பங்கு. மயக்க மருந்தைக் கண்டுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கூடவே போடும் 'புண் பழுக்காத ஊசி'யை யாரும் சந்தேகிப்பதில்லை.

அந்த ஊசியைத் தவிர்க்கவும் முடியாது. கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ரத்தத்தில் இருந்தால்தான் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்காமல் இருக்கும்.

முதலில் சலித்துப் பாருங்கள்

சீட்டு எழுதுமுன் செய்ய வேண்டிய வேலை இது. உங்களுக்கு நடந்தது அலர்ஜிதானா?

கிளாவுலனிக் அமிலம் கலந்த அமாக்சிசிலின் மாத்திரை போட்டு வயிற்றால் போயிருந்தால் அது பக்கவிளைவு. வாந்தி, குமட்டல், வாய்க்கசப்பு எல்லாம் அந்த வகைதான். ஊசியைப் பார்த்ததும் வெளிறி, வியர்த்து, கண் இருட்டி விழுந்து, படுக்க வைத்த சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் அது பயத்தில் வந்த மயக்கம். "எங்க அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்காது, அதனால எனக்கும் வேண்டாம்" என்பதும் கணக்கில் வராது. மீன், இறால் ஒத்துக்காதவருக்கு ஸ்கேன் சாயமும் அயோடின் மருந்தும் ஒத்துக்காது என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. வான்கோமைசின் மருந்தை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அது பெரும்பாலும் ஏற்றிய வேகத்தின் கோளாறு. மெதுவாக, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றினால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதய வால்வு வாதத்துக்காக மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போடும் பிள்ளைகள் வீட்டில் இந்தக் குழப்பம் அதிகம். ஊசி போட்டதும் பிள்ளை சுருண்டு விழுந்தால் அலர்ஜி என்று முடிவுகட்டி ஊசியையே நிறுத்திவிடுகிறார்கள். வால்வு மிகவும் கெட்டுப்போனவர்களுக்கு ஊசிக்குப் பின் நேரும் மரணங்களில் பல, அலர்ஜியைவிட இதயம் தடுமாறியதால் வந்திருக்கலாம் என்று அமெரிக்க இதய சங்கம் 2022இல் எச்சரித்தது. ஏதாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, படுத்த நிலையில் போட்டுக்கொள்வது அதன் யோசனை. ஊசியை நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

கீழே உள்ளவை நிஜ அலர்ஜியின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் சீட்டில் ஏற வேண்டும்:

1. மருந்து உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் சில நிமிடத்தில், உடம்பெங்கும் அரிப்பு, திட்டுத்திட்டாய்த் தடிப்பு.
2. உதடு, நாக்கு, கண் இமை வீங்குவது, தொண்டை அடைப்பது, குரல் மாறுவது.
3. மூச்சு இழுப்பு, நெஞ்சில் விசில் சத்தம்.
4. மயக்கத்தோடு நாடி வேகமாக அடிப்பது, பிரஷர் இறங்குவது.
5. சில நாள் முதல் சில வாரம் கழித்து வாய், கண், பிறப்புறுப்பில் புண். தோல் கொப்புளித்து உரிவது. சல்ஃபா கலந்த மாத்திரை, வலிப்பு மாத்திரை போன்றவற்றால் இது வரும். இதற்குக் காரணமான மருந்தைச் சோதனைக்காகக்கூட மறுபடி தொடக் கூடாது.
6. ஒரே மருந்து போடும்போதெல்லாம் உதட்டிலோ கையிலோ அதே இடத்தில் வட்டமாகக் கருந்திட்டு. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் வாங்கிப் போடும் மாத்திரைகளால் நம் ஊரில் இது நிறையவே வருகிறது. தேமல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

குறிப்பு: ஊசிக்குப் பின் வந்த தடிப்பைக் 'காணாக்கடி' என்று வெற்றிலையும் மிளகும் மென்று கடந்துபோனவர்கள் கிராமத்தில் பலர் உண்டு. தடிப்பு வந்த அன்று காலையில் என்ன மருந்து உள்ளே போனது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

சீட்டு எழுதும் முறை

ஒரு தபால் அட்டை அளவு தாள் போதும். ஆனால் அதை எழுத ஒரு வாரம் ஆகலாம், ஏனென்றால் பழைய காகிதங்களைத் தேட வேண்டும்.

1. பீரோவிலும் டிரங்குப் பெட்டியிலும் மஞ்சள் பையிலும் கிடக்கும் ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக்கடை பில் எல்லாவற்றையும் எடுத்துப் பரப்புங்கள். கடைக்காரரின் பில்லில் மருந்துப் பெயரும் தேதியும் இருக்கும்; மருத்துவர் கையெழுத்தைவிட அதைப் படிப்பது எளிது.

2. மருந்தின் மூலப்பெயரை எழுதுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும், மூலப்பெயரும் இருக்கும். மூலப்பெயர்தான் மருந்து; எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். அமாக்சிசிலினைப் பத்துக் கம்பெனி பத்துப் பெயரில் விற்கும். ஒரு பெயரை மட்டும் ஞாபகம் வைத்திருந்தால், அதே மருந்து வேறு பெயரில் வந்து சேரும்.

3. இரண்டு மருந்து கலந்த மாத்திரை என்றால் இரண்டையும் எழுதுங்கள். ஓஃப்ளாக்சாசினும் ஆர்னிடசோலும் சேர்ந்தது, ஆம்பிசிலினும் கிளாக்சாசிலினும் சேர்ந்தது என நம் நாட்டில் கூட்டு மாத்திரைகள் ஏராளம். எது வேலையைக் காட்டியது என்று வீட்டில் முடிவுசெய்ய முடியாது.

4. எந்த வருடம் என்று எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் "சின்னவள் பிறந்த வருடம்", "பொங்கல் முடிந்து" என்று யோசித்து வருடத்தைப் பிடியுங்கள்.

5. எத்தனை நேரத்தில் வந்தது? "ஊசி போட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள" என்பதும் "மூணாம் நாள்" என்பதும் மருத்துவருக்கு முற்றிலும் வேறு வேறு நோய்.

6. என்ன ஆனது, என்ன செய்தார்கள்? ஆக்சிஜன் வைத்தார்களா, தொடையில் ஊசி போட்டார்களா, எத்தனை நாள் படுக்கையில் இருந்தீர்கள்?

7. அதற்குப் பிறகு எந்த ஆன்டிபயாட்டிக் போட்டு ஒன்றும் ஆகவில்லை? இந்த வரியை யாரும் எழுதுவதில்லை. தியேட்டருக்குள் நிற்கும் மயக்க மருத்துவருக்கு எல்லா வரியையும்விட இதுதான் உடனடியாகப் பயன்படும்: 'இதைப் போடலாம்' என்பதற்கு ஓர் ஆதாரம் அவர் கையில் இருக்கிறது.

எழுதி முடித்தால் ஏறத்தாழ இப்படி வரும்:

மருந்து: அமாக்சிசிலின், கிளாவுலனிக் அமிலம் சேர்ந்த மாத்திரை.
எப்போது: 2019, பல் பிடுங்கியபோது.
எத்தனை நேரத்தில்: இரண்டாவது மாத்திரை போட்ட 20 நிமிடத்தில்.
என்ன ஆனது: உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சு இழுப்பு.
சிகிச்சை: தொடையில் ஊசி, ஆக்சிஜன், ஒரு நாள் படுக்கை.
பிறகு ஒத்துக்கொண்டது: அசித்ரோமைசின், 2022.
தினமும் போடும் மாத்திரைகள்: பிரஷருக்கு அடெனலால்.

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. அடெனலால், மெட்டோப்ரலால் போன்ற பிரஷர் மாத்திரைகள், அலர்ஜி முற்றும்போது போடும் அட்ரினலின் ஊசியின் வேகத்தை மட்டுப்படுத்தலாம். மயக்க மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் தயாராக இருப்பார். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சீட்டை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் பையில், ஒன்று கூட வருபவரிடம், ஒன்று போனில் படமாக. நோயாளி மயங்கிய பிறகு பேசப்போவது கூட வருபவர்தான். அவருக்குச் சீட்டில் இருப்பது வாய்ப்பாடாகத் தெரிய வேண்டும்.

பழைய பெயரைச் சுமக்காதீர்கள்

அலர்ஜியை மறப்பது ஒரு தப்பு என்றால், இல்லாத அலர்ஜியைக் காலமெல்லாம் சுமப்பது இன்னொன்று. படித்தவர்கள் வீட்டில் இரண்டாவதுதான் அதிகம்.

மேல்நாடுகளில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று பதிவானவர்களை முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அலர்ஜி இருப்பதில்லை. சிறு வயதில் வைரஸ் காய்ச்சலில் வந்த தடிப்பு மருந்தின் தலையில் விழுந்திருக்கும். நிஜமாகவே அலர்ஜி இருந்தவர்களிலும் சுமார் பத்தில் எட்டுப் பேருக்குப் பத்தாண்டில் அது போய்விடுகிறது.

இருந்துவிட்டுப் போகட்டுமே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயர் இருந்தால் நல்ல மருந்தை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுவார்கள். அமெரிக்காவின் பாஸ்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன் நோயாளிகளைப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வில், பெனிசிலின் அலர்ஜி என்று குறிக்கப்பட்டவர்களுக்குத் தையல் இடத்தில் கிருமி தொற்றும் வாய்ப்பு ஒன்றரை மடங்காக இருந்தது. மாற்று மருந்து போட்டதுதான் காரணம்.

பெனிசிலின் ஒத்துக்காதவருக்கு 'செஃப்' என்று தொடங்கும் எதுவும் கூடாது என்பது பழைய பாடம். பத்தில் ஒருவருக்குச் சிக்கல் வரும் என்று அப்போது சொன்னார்கள். இப்போதைய கணக்கு நூற்றுக்கு இரண்டு அளவுதான். ஆபரேஷனுக்கு முன் பல இடங்களில் போடும் செஃபாசோலின் அமைப்பிலேயே பெனிசிலின் குடும்பத்திலிருந்து விலகி நிற்பது. செஃபாலெக்சினும் செஃபட்ராக்சிலும் அப்படி அல்ல. ஆம்பிசிலின், அமாக்சிசிலினோடு அவற்றுக்குச் சாயல் ஒற்றுமை உண்டு. எதைப் போடலாம் என்று மருத்துவர் முடிவுசெய்ய, சீட்டில் மருந்தின் சரியான பெயர் இருக்க வேண்டும்.

ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2020இல் மூன்றே கேள்வியில் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார்கள்: ஐந்து வருடத்துக்குள் நடந்ததா, வீக்கமோ மூச்சுத்திணறலோ தோல் உரிதலோ வந்ததா, சிகிச்சை தேவைப்பட்டதா. மூன்றுக்கும் 'இல்லை' என்றால் நிஜ அலர்ஜிக்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் கீழே. இந்த மூன்றும் உங்கள் சீட்டில் ஏற்கெனவே இருக்கின்றன. ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே காட்டி, "இந்தப் பேரை எடுத்துவிட முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். வீட்டில் அரை மாத்திரை போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் வேலை மட்டும் வேண்டாம்.

யாரிடம் சொல்வது

ஒரு தடவை சொன்னால் போதும், எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நம்புவதுதான் நோயாளிகள் செய்யும் முதல் பிழை. ஓ.பி.யில் பார்த்தவர் வேறு, வார்டில் ஊசி போடுபவர் வேறு, தியேட்டரில் மயக்கம் கொடுப்பவர் வேறு. ஷிஃப்ட் மாறும்.

1. ஆபரேஷன் தேதி குறிக்கும்போது சர்ஜனிடம்.
2. அட்மிஷன் அன்று வார்டு நர்ஸிடம். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டார்களா என்று கூட வந்தவர் பார்க்கட்டும்.
3. 'ஃபிட்னஸ்' பார்க்க வரும் மயக்க மருத்துவரிடம். இவரிடம் அவசரமில்லாமல் சொல்லுங்கள். தியேட்டருக்குள் உங்கள் உயிர் இவர் கையில்.
4. தியேட்டர் மேசையில் ஏறியதும், மயங்குமுன்.

நான்காவது இடத்தில் வெட்கப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்கம் கொடுக்குமுன் கேட்க வேண்டியவற்றில் "நோயாளிக்கு அலர்ஜி உண்டா?" என்பதும் ஒன்று. அதைச் சோதித்துப் பார்த்த எட்டு நகரங்களில் டெல்லியும் இருந்தது. பட்டியல் வந்த பிறகு அந்த எட்டு இடங்களிலும் சேர்த்து ஆபரேஷனுக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது.

இன்னொரு யோசனை: ஆன்டிபயாட்டிக்கை மயக்கம் கொடுப்பதற்குச் சில நிமிடம் முன்பே போடுவது நல்லது என்கிறது அந்த பிரிட்டன் அறிக்கை. விழித்திருப்பவர் "உள்ளங்கை அரிக்குது", "நாக்கு தடிக்குது", "என்னமோ பண்ணுது" என்று சொல்ல முடியும். போர்வைக்கடியில் மயங்கிக் கிடப்பவரின் தடிப்பை யார் பார்ப்பது? அப்படிப் போடும்போது உடம்பில் என்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொள்வது இங்கே பெருமை இல்லை.

டெஸ்ட் டோஸ் பாஸ்போர்ட் அல்ல

கையில் கொப்புளம் மாதிரி ஓர் ஊசி போட்டு, பேனாவால் வட்டம் போட்டு, பதினைந்து இருபது நிமிடம் கழித்து நர்ஸ் வந்து பார்ப்பது நம் மருத்துவமனைகளில் தினசரிக் காட்சி. வட்டத்துக்குள் ஒன்றும் இல்லையென்றால் நோயாளிக்கு நிம்மதி.

அந்த நிம்மதி கொஞ்சம் அதிகப்படி. தோல் சோதனை சரியாக நடக்க வேண்டுமென்றால் அதற்கான மருந்து, அளவு, ஒப்பிட்டுப் பார்க்கும் ஊசி எல்லாம் வேண்டும். பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு உறுதியான சோதனை முறையே கிடையாது. டெஸ்டில் தேறியவருக்கும் முழு ஊசியில் அலர்ஜி வரலாம். அரிதாக அந்தத் துளி மருந்திலேயே வரலாம். ஆகவே டெஸ்ட் டோஸ் போட்டுக்கொண்டு காபி குடிக்க வெளியே போகாதீர்கள். நர்ஸ் கண்ணில் படும் இடத்தில் இருங்கள். முக்கியமாக, "டெஸ்ட் போட்டுத்தானே பார்க்கப்போறாங்க" என்று சீட்டைப் பையிலேயே வைத்திருக்காதீர்கள். முன்பு மூச்சுத்திணறல் வந்த மருந்தென்றால், டெஸ்ட் டோஸ் போடுமுன்னரே சொல்லியாக வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் தவிர இன்னும் சிலவும் உண்டு. பலூன் ஊதினால் உதடு வீங்குபவர், ரப்பர் கையுறை பட்டால் அரிப்பவர் அதையும் சீட்டில் எழுதட்டும். தோலைத் துடைக்கும் குளோர்ஹெக்சிடின், சில வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலும் இருக்கிறது. அதில் அரிப்பு வந்தவர்கள் சொல்ல வேண்டும். ஃபோல்கோடின் கலந்த இருமல் மருந்து குடித்தவர்களுக்குத் தசை தளர்த்தும் மருந்தில் அலர்ஜி வரும் அபாயம் கூடுகிறது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2022 டிசம்பரில் அதை விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது. கடந்த ஓராண்டில் குடித்த இருமல் மருந்தின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்கு வந்த பிறகு

தையலோடு வீடு திரும்பும்போது ஐந்து நாள் மாத்திரை கொடுத்தனுப்புவார்கள். மருத்துவமனையில் போட்ட மருந்தும் வீட்டுக்குக் கொடுத்ததும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. புதிய மாத்திரையின் முதல் வேளையை ராத்திரி பத்து மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மருத்துவரைக் கேட்டு, பகலில், வீட்டில் ஆள் இருக்கும்போது தொடங்குங்கள்.

இங்கே ஊர்க்கணக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டன் மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரி, அனஃபிலாக்சிஸில் இறந்தவர்களை ஆராய்ந்து 2000இல் எழுதினார்: மருத்துவமனையில் கொடுத்த மருந்தால் என்றால் இதயம் நிற்க ஐந்து நிமிடம், பூச்சிக்கடி என்றால் பதினைந்து, உணவு என்றால் முப்பது நிமிடம் என்பது நடுவான கணக்கு. வாய்வழி மாத்திரை ஊசியைவிட மெதுவாக வேலை செய்யும் என்றாலும் மணிக்கணக்கில் அவகாசம் கிடையாது. மருங்காபுரியிலிருந்து திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். 'நேரா பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாம்' என்ற எண்ணம் இந்த நோய்க்கு மட்டும் உதவாது. அட்ரினலின் ஊசி எங்கே கிட்டத்தில் கிடைக்குமோ அங்கே போக வேண்டும். தடுப்பூசி போடும் இடங்களில் அவசரத்துக்கு அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையமும் கணக்கில் வரும். இரவில் உங்கள் ஊருக்கு அருகே எது திறந்திருக்கும், துவரங்குறிச்சியா மணப்பாறையா என்பதை ஆபரேஷனுக்குப் போகுமுன்பே விசாரித்துச் சீட்டின் பின்பக்கம் எழுதிவையுங்கள்.

அலர்ஜி தொடங்கினால்:

1. மருந்தை நிறுத்துங்கள்.
2. படுக்க வையுங்கள். காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரலாம், ஆனால் காலைத் தொங்கவிடாமல் நீட்டி வைக்க வேண்டும். கர்ப்பிணி என்றால் இடப்பக்கம் ஒருக்களித்து. வாந்தியோ நினைவிழப்போ இருந்தால் பக்கவாட்டில்.
3. 108ஐக் கூப்பிட்டு, "மருந்து அலர்ஜி, மூச்சுத்திணறல்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.
4. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால், காரிலோ வேனிலோ படுத்த நிலையில் கொண்டுபோங்கள்.
5. போனதும் சீட்டையும் மாத்திரை அட்டையையும் காட்டுங்கள்.
6. மூச்சு நின்று நினைவும் இல்லையென்றால், நடுநெஞ்சில் இரு கையாலும் வேகமாக, ஆழமாக அழுத்திக்கொண்டே இருங்கள். 108இல் பேசுபவர் சொல்லித்தருவார்.

நான்காவது படியில்தான் கிராமத்தில் பெரிய தப்பு நடக்கிறது. நோயாளியை டூவீலரில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு பறப்பார்கள். பாம்புக்கடிக்குப் பல உயிரைக் காத்த பழக்கம் இது. ஆனால் அலர்ஜியில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் காலில் தேங்கி நிற்கிறது. நிமிர்த்தி உட்கார வைத்ததும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் வறண்டுபோகும். எழுந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இறந்தவர்களைப் பற்றி இதே பம்ஃப்ரி 2003இல் எழுதியிருக்கிறார். 'பாத்ரூம் போயிட்டு வந்திடறேன்' என்று நோயாளி எழுந்தாலும் விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு அட்ரினலின் அளவு அரை மில்லிகிராம், அதாவது ஒரு மில்லி ஆம்பூலில் பாதி. தொடையின் வெளிப்பக்க நடுவில், தசையில் போடுவார்கள். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடி போடுவார்கள். இதை வீட்டில் போட்டுப் பழக வேண்டாம். ஆனால் தெரிந்திருப்பது நல்லது, ஏனென்றால் அரிப்பு மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் மட்டும் போட்டுவிட்டு "சரியாயிடும், போங்க" என்று அனுப்புகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. மூச்சுத்திணறலுக்கும் மயக்கத்துக்கும் அவை மாற்று ஆகா. "அட்ரினலின் போடணுமா சார்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை. சரியான பிறகும் சில மணி நேரம் கழித்துச் சிலருக்கு இரண்டாம் அலை வரும். அதனால் இருக்கச் சொன்னால் இருங்கள். "கறவை மாடு இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

தியேட்டரில் நடந்துவிட்டால்

ஆபரேஷன் நடுவில் அலர்ஜி வந்து பிழைத்தவர், டிஸ்சார்ஜ் ஆகுமுன் கேட்டு வாங்க வேண்டியவை மூன்று. அலர்ஜிக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் உள்ளே போன எல்லா மருந்தின் பெயரும் நேரமும். அவற்றைச் சம்மரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்து, ட்ரிப்டேஸ் என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்ற விவரம். அலர்ஜி வந்த நாலு மணி நேரத்துக்குள் ஒன்றும், ஒரு நாள் கழித்து ஒன்றும் எடுத்து ஒப்பிட்டால்தான் பயன். எல்லா ஊரிலும் இந்த வசதி இல்லை, இருந்தால் விடாதீர்கள். மூன்றாவது, நாலு முதல் ஆறு வாரம் கழித்து அலர்ஜி மருத்துவரைப் பார்க்க ஒரு கடிதம். ஒரே நேரத்தில் ஐந்தாறு மருந்து போயிருக்கும். எது குற்றவாளி என்று சோதித்தால்தான் மற்ற ஐந்தும் விடுதலையாகும்.

பிறகு பழைய சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதுங்கள்.

மருந்தால் பாதிப்பு வந்தால் நோயாளியே நேரடியாக அரசுக்குத் தெரிவிக்கலாம். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் தர ஆணையம் இதை நடத்துகிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. நிரப்பி அனுப்ப வேண்டிய படிவம் தமிழிலும் இருக்கிறது.